ஐந்து பாட்டு, ஆறு மணி நேரம்: பௌஹவுஸின் 'தி பெலா செஷன்'

நண்பர் கேட்ட கேள்வி இது: "பௌஹவுஸ் என்ற ஆங்கில ராக் குழு 2018-ல் வெளியிட்ட 'தி பெலா செஷன்' இ.பி.யில் (ஆல்பத்தைவிடச் சின்னதான இசைத்தட்டு) ஐந்தே பாட்டுதான் இருக்கிறது. அதில் முதல் பாட்டு நாற்பது வருஷமாக எல்லோரும் கேட்டது. மற்ற நான்கும் அதற்குச் சம்பந்தமே இல்லாதது போலிருக்கிறது. இதை எதற்குத் தனியாக வெளியிட்டார்கள்? இருட்டும் திகிலும் கலந்த ராக் இசையான கோதிக் ராக் அந்த முதல் பாட்டில்தான் பிறந்தது என்கிறார்களே, உண்மையா?"

சம்பந்தமே இல்லாதது போலிருக்கிறது என்றீர்களே, இந்தச் சின்ன வெளியீட்டின் முழு மதிப்பும் அங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கும் நார்தாம்ப்டன் ஊரில் 1978 கடைசியில் சேர்ந்த குழு இது. பாட்டு பீட்டர் மர்ஃபி, கிதார் டேனியல் ஆஷ், பேஸ் டேவிட் ஜே, டிரம்ஸ் கெவின் ஹாஸ்கின்ஸ். டேவிட்டும் கெவினும் அண்ணன் தம்பி. மர்ஃபியும் ஆஷும் பள்ளிக்கூட நண்பர்கள். மர்ஃபி அதுவரை எந்தக் குழுவிலும் பாடியதில்லை, அச்சகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஆஷ்தான் போய்க் கூப்பிட்டு வந்தார். முதலில் வைத்த பெயர் 'பௌஹவுஸ் 1919'. ஜெர்மனியின் வைமர் நகரில் வால்டர் குரோபியஸ் தொடங்கிய கலைப்பள்ளியின் பெயரும் அது தொடங்கிய ஆண்டும் அப்படியே. அப்புறம் ஆண்டை எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்தப் பள்ளிக்காக ஆஸ்கர் ஷ்லெம்மர் 1922-ல் வரைந்த கட்டம் கட்டமான முகச் சின்னத்தை மட்டும் விடவில்லை. அது இன்றைக்கும் அவர்கள் பெயரில் வரும் சட்டைகளிலும் இசைத்தட்டுகளிலும் இருக்கிறது.

1978 டிசம்பர் 31 இரவு, பக்கத்து ஊரான வெலிங்பரோவில் 'குரோம்வெல்' என்ற பப்பில் முதல் கச்சேரி. அதற்குப் பிறகு நான்கே வாரத்தில், 1979 ஜனவரி 26 அன்று, அதே வெலிங்பரோவில் இருந்த பெக் ஸ்டுடியோவுக்குள் போனார்கள். ஒலிப்பதிவாளர் டெரெக் டாம்ப்கின்ஸ். கையில் இருந்தது ஆறு மணி நேரம். குழு சேர்ந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. அந்த ஒரே உட்காரலில் ஐந்து பாட்டுகளைப் பதிந்தார்கள்: 'பெலா லுகோசிஸ் டெட்' (பெலா லுகோசி செத்துவிட்டார் என்று அர்த்தம்), 'சம் ஃபேசஸ்', 'பைட் மை ஹிப்', 'ஹாரி', 'பாய்ஸ்'. இந்த ஐந்தும்தான் 2018 நவம்பர் 23 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள லீவிங் ரெக்கார்ட்ஸ் வழியாக 'தி பெலா செஷன்' என்று ஒன்றாக வந்தது.

அன்றைக்கு இந்த நால்வருக்கும் தாங்கள் என்ன மாதிரிக் குழு என்று தெரியாது. இந்த இ.பி.யைக் கேட்டால் அது உங்களுக்கே விளங்கும். 'ஹாரி' ஜமைக்கா நாட்டு இசையான ரெக்கேவின் சாயலில் துள்ளுகிற பாட்டு, பிளாண்டி குழுவின் பாடகி டெபி ஹாரியை நினைத்து எழுதியது. 'சம் ஃபேசஸ்' அந்தக் காலத்து இங்கிலாந்தில் எந்த ஊர் பப்பிலும் கேட்டிருக்கக்கூடிய சுறுசுறுப்பான கிதார் பாட்டு. 'பைட் மை ஹிப்' வேகமும் முரட்டுத்தனமுமாகப் போகும். 'பாய்ஸ்' பாட்டில் பாடகர் டேவிட் போவியையும் டி. ரெக்ஸ் குழுவையும் கேட்டு வளர்ந்த பிள்ளைகளின் ஒய்யாரம் தெரியும். இவற்றில் ஒன்றிலும் கல்லறை கிடையாது, வௌவால் கிடையாது. இந்த நான்கை மட்டும் அன்றைக்குப் பதிந்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால், 1979-ல் இங்கிலாந்தில் முளைத்த நூற்றுக்கணக்கான குழுக்களில் ஒன்றாகப் போயிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதே நாளில், அதே அறையில், அதே கருவிகளை வைத்துக்கொண்டு, ஒன்பது நிமிஷம் முப்பத்தாறு விநாடிக்கு ஓடும் அந்த முதல் பாட்டையும் வாசித்திருக்கிறார்கள். நால்வரும் சேர்ந்து ஒரே மூச்சில், ஒரே டேக். மர்ஃபிக்கு அன்றைக்கு ஜலதோஷம் வேறு. அந்தக் குரல் அவ்வளவு கீழேயிருந்து வருவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று கேட்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

இனி அந்தப் பாட்டுக்குள் போவோம், ஏனென்றால் அதிலிருந்துதான் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் வரும்.

ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேளுங்கள். முதலில் டிரம்ஸ் மட்டும். டிரம்மின் விளிம்பில் குச்சி தட்டுகிற மாதிரி காய்ந்த, மெல்லிய ஒலி. ஒரு தட்டு, அதன் எதிரொலி, எதிரொலியின் எதிரொலி. தாளம் போசா நோவாவின் சாயல் கொண்டது. பிரேசில் நாட்டுக் கடற்கரைப் பாட்டுகளுக்கு வாசிக்கிற இதமான தாளம் அது. இங்கே அதை எக்கோவுக்குள் தள்ளிவிட்டதும் இதமெல்லாம் போய், ஆளில்லாத கூடத்தில் எங்கேயோ தண்ணீர் சொட்டுகிற மாதிரி ஆகிவிடுகிறது. அப்புறம் பேஸ் வருகிறது. ஒவ்வொரு சுரமாக, அவசரமே இல்லாமல், படியிறங்குவதைப் போலக் கீழே இறங்கும். அதன் மேல் ஆஷின் கிதார். அவர் அதில் மெட்டு எதுவும் வாசிப்பதில்லை. கம்பிகளைச் சுரண்டுகிறார், ஒரு கீற்று ஒலியை விடுகிறார், அது எக்கோவில் சுற்றி வந்து தேயும்வரை காத்திருக்கிறார். கதவின் கீல் முனகுவது போல ஒன்று, தூரத்தில் ஏதோ உரசுவது போல ஒன்று. பாடகர் எங்கே என்று கேட்டால், இன்னும் வரவில்லை. ஏறக்குறைய மூன்று நிமிஷம் வரமாட்டார்.

ஒரு சாதாரண பாப் பாட்டு முடிகிற நேரம் அது. அதுவரை வெறும் இடத்தை மட்டுமே கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நீங்கள் அந்த இருட்டுக்குக் கண் பழகி உட்கார்ந்த பிறகுதான் மர்ஃபியின் குரல் உள்ளே வருகிறது.

இந்த உத்தி அவர்களுக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். டிராகுலா, கல்லறை என்றெல்லாம் பேசும்போது எல்லோருக்கும் பழைய ஐரோப்பாதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் பாட்டின் எலும்புக்கூடு ஜமைக்காவிலிருந்து வந்தது. ஹாஸ்கின்ஸ் சகோதரர்கள் இருவருக்கும் டப் இசைமேல் பெரிய பிரியம். கிங் டப்பி, லீ பெர்ரி போன்ற ஜமைக்க ஒலிப்பதிவாளர்கள் என்ன செய்தார்கள் என்றால், பதிந்து முடித்த ரெக்கே பாட்டை எடுத்து, குரலையும் பல கருவிகளையும் கழற்றி எறிந்தார்கள். பேஸும் டிரம்ஸும் மட்டும் மிஞ்சும். திடீரென்று ஒரு டிரம் அடியை எக்கோ கருவிக்கு அனுப்புவார்கள். கருவி அதைத் திருப்பித் தரும். வந்ததில் கொஞ்சத்தை மறுபடி உள்ளே அனுப்பினால், அது திரும்பத் திரும்ப வந்து மெல்ல மங்கும். அனுப்பும் அளவைக் கூட்டினால் மங்காமல் பெருகி, ஒலியே கட்டுமீறிப் போகும். மிக்சர் பலகையே அங்கே ஒரு வாத்தியம். 'பெலா லுகோசிஸ் டெட்' செய்வதும் இதையேதான். பிரிட்டிஷ் பிள்ளைகள் நான்கு பேர் டப்பைத் தங்களுக்குத் தெரிந்த வகையில் விளங்கிக்கொண்டு வாசித்தது அது. ஜமைக்காவில் வெயிலும் புகையுமாக இருந்த வெற்றிடம், வெலிங்பரோவின் ஜனவரி மாதத்தில் குளிரும் இருட்டுமாக மாறிவிட்டது. கோதிக் ராக்கின் வேரில் கறுப்பின மக்களின் இசை இவ்வளவு ஆழமாக இருப்பதை அழுத்திச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். அதைச் சொல்லாமல் இந்தப் பாட்டின் கதையைச் சொன்னால் பாதிக் கதைதான்.

பாட்டின் வரிகள் டேவிட் ஜே எழுதியவை. தொலைக்காட்சியில் பழைய திகில் படங்களை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்த சமயம். அவற்றில் 1931-ல் வந்த டிராகுலாவும் ஒன்று. நண்பர்களுக்குள் அதைப் பற்றிப் பேச்சு ஓடியிருக்கிறது. ஆஷ் கையில் ஏற்கெனவே கிதாரில் சேர்த்து மீட்டும் விநோதமான ஒரு சுரக்கூட்டு இருந்தது. இரண்டும் சேர்ந்துகொண்டன.

பெலா லுகோசி 1882-ல் அன்றைய ஹங்கேரியின் லுகோஷ் ஊரில் பிறந்தவர். இன்று அந்த ஊர் ருமேனியாவில் இருக்கிறது. 1927-ல் பிராட்வே மேடையில் டிராகுலாவாக நடித்தார், பிறகு டாட் பிரவுனிங் இயக்கிய படத்திலும் நடித்தார். அந்த வேடம் அவரை விடவே இல்லை. 1956 ஆகஸ்ட் 16 அன்று இறந்தபோது, டிராகுலாவின் மேலங்கியோடுதான் கலிஃபோர்னியாவில் அடக்கம் செய்தார்கள். டேவிட் ஜே இதைத்தான் பிடித்துக்கொண்டார். நடிகர் செத்துப்போனார், அவர் நடித்த பாத்திரமோ சாகாதவன். பாட்டு அந்தச் சவ அடக்கத்தில் நிற்கிறது. வௌவால்கள் மணிக்கூண்டை விட்டுப் போய்விட்டன, கன்னி மணப்பெண்கள் காய்ந்த பூக்களோடு கல்லறையைக் கடந்து போகிறார்கள். லுகோசி செத்துவிட்டார் என்று ஒரு பக்கம் சொல்லிவிட்டு, உடனே 'சாகாதவன், சாகாதவன், சாகாதவன்' என்று மர்ஃபி திருப்பித் திருப்பிச் சொல்கிறார். பாட்டில் கதை என்று பார்த்தால் இவ்வளவுதான். ஒரு மனிதனின் வாழ்க்கையை அவனுடைய வேடம் தின்றுவிட்டது என்கிற துயரம் இந்தச் சில வரிகளுக்குள் இருக்கிறது.

இன்னொன்றும் எனக்குத் தோன்றும். அந்த 1931 படத்தைப் பார்த்தால், தொடக்கத்தில் ஸ்வான் லேக் இசை கொஞ்சம் வரும், அப்புறம் பெரும்பகுதிக்குப் பின்னணி இசையே இருக்காது. மாடிப்படியில் லுகோசி நிற்பார், மெதுவாக ஒவ்வொரு சொல்லாகப் பேசுவார், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே மௌனம். இன்றைய கண்ணுக்குப் பொறுமையைச் சோதிக்கும் படம். ஆனால் அந்த மௌனத்தை மனதில் வைத்துக்கொண்டு இந்தப் பாட்டைக் கேட்டால், மூன்று நிமிஷம் பாடகர் வராமல் இருப்பது மிகச் சரியாகப் பொருந்துகிறது.

சரி, பதிந்தாயிற்று. ஒன்பதரை நிமிஷப் பாட்டை யார் வெளியிடுவார்கள்? பல நிறுவனங்கள் நீளம் என்று சொல்லித் திருப்பி அனுப்பின. கடைசியில் லண்டனின் வால்தம்ஸ்டோ பகுதியில் இருந்த ஸ்மால் வொண்டர் எடுத்துக்கொண்டது. பீட் ஸ்டெனட் நடத்திய ஒரு சின்ன ரிக்கார்டு கடை, அதோடு சேர்ந்த ஒரு வெளியீட்டகம். முரட்டு ராக் இசையான பங்க் பரவிய காலத்தில் இப்படிக் கடைக்காரர்களே இசைத்தட்டும் போட்டார்கள். பெரிய நிறுவனங்களில் ஒரு குழுவே உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும். இங்கே கடைக்காரருக்குப் பிடித்தால் போதும்.

வழக்கமான ஏழு அங்குலச் சிங்கிள் தட்டில் இந்த நீளம் அடங்காது. ஒரு பக்கத்தில் நிமிஷம் கூடக் கூட வரிப்பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், நெருக்கினால் ஒலியின் பலம் குறையும், பேஸ்தான் முதலில் அடிபடும். பேஸ் போனால் இந்தப் பாட்டில் மிச்சம் என்ன? அதனால் பன்னிரண்டு அங்குலத் தட்டு. டிஸ்கோவும் ரெக்கேவும் ஏற்கெனவே பழக்கிவைத்திருந்த வடிவம் அது. 1979 ஆகஸ்ட் 6 அன்று வெளிவந்தது. முதல் ஐயாயிரம் பிரதிகள் வெள்ளை நிறத் தட்டில். அட்டையில் விரிந்த சிறகோடு ஒரு கரிய உருவம், டி. டபிள்யூ. கிரிஃபித் 1926-ல் எடுத்த 'தி சாரோஸ் ஆஃப் சேட்டன்' படத்தின் காட்சி. பின்னட்டையில் 1920-ல் வந்த ஜெர்மன் படமான டாக்டர் கலிகாரியிலிருந்து ஒரு காட்சி. தலைப்பில் இருக்கும் லுகோசி அட்டையின் இரண்டு பக்கத்திலும் இல்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கறுப்பு அட்டைக்குள்ளிருந்து வெள்ளைத் தட்டை உருவி எடுக்கும் அந்தக் கணத்தை நினைத்துப் பாருங்கள். பாட்டின் முதல் வரியே வெள்ளையின்மேல் வெள்ளையையும் ஒளி ஊடுருவும் கறுப்பு மேலங்கிகளையும் பற்றித்தான் பேசுகிறது.

அந்தச் சிங்கிளின் மறுபக்கத்தில் இருந்தவை 'பாய்ஸ்' பாட்டும், 'டார்க் என்ட்ரீஸ்' என்ற பாட்டின் ஒரு டெமோத் துண்டும் (முன்னோட்டமாகப் பதிந்தது). அந்த 'பாய்ஸ்' பின்னர் மறுபடியும் பதிந்தது. ஜனவரி 26 அன்று வாசித்த மூல 'பாய்ஸ்' 2018 இ.பி.யில்தான் கிடைக்கிறது. 'ஹாரி' 1982-ல் 'கிக் இன் தி ஐ' இ.பி.யில் வந்தது. 'பைட் மை ஹிப்' அந்த வடிவத்தில் வரவே இல்லை, பல மாற்றங்களுக்குப் பிறகு 1983-ல் 'லகார்திஹா நிக்' என்ற சிங்கிளாக ஆனது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரு பாட்டு நான்கு வருஷத்தில் எப்படி முதிர்கிறது என்பது தெரியும். 'சம் ஃபேசஸ்' மட்டும் எங்கும் வராமல் நாற்பது வருஷம் டேப்பிலேயே கிடந்தது. ஆக, நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஒரு முழு நாளைச் சிதறிய துண்டுகளாக மட்டுமே நாம் கேட்டிருந்தோம், இந்த வெளியீடு அதை ஒன்று சேர்த்துத் தந்தது. மூல டேப்புகளிலிருந்து ஒலியை மறுபடியும் செப்பனிட்டு வெளியீட்டுக்குத் தயார் செய்தவர் மாண்டி பார்னெல். பேஸ் இறங்குவதும் டிரம் எக்கோ தேய்வதும் இதில் நன்றாகவே கேட்கிறது.

இனி, கோதிக் ராக் இங்கேதான் பிறந்ததா? பிறப்பு என்று ஒரே நாளைக் காட்ட முடியாது. அந்தச் சொல் 1967-லேயே டோர்ஸ் குழுவைப் பற்றி எழுதும்போது அடிபட்டிருக்கிறது. ஜாய் டிவிஷனின் முதல் ஆல்பம் பௌஹவுஸ் சிங்கிளுக்கு இரண்டு மாதம் முன்னால், 1979 ஜூனில் வந்துவிட்டது. அவர்களையும் அந்த ஆண்டிலேயே கோதிக் என்று சொன்னார்கள். சூக்ஸி அண்ட் தி பேன்ஷீஸ் அதற்கும் முன்பிருந்தே பாடிக்கொண்டிருந்தார்கள். கோத் ஆட்களின், அதாவது கோதிக் ராக் ரசிகர்களின், கூடாரமான பேட்கேவ் கிளப் லண்டனின் சோஹோவில் திறந்தது 1982-ல்தான். ஆகவே ஒலி, பெயர், உடை, கூட்டம் எல்லாம் தனித்தனியாக நடந்து வந்து பிறகு ஒன்றுசேர்ந்தவை. ஆனால் அவை எல்லாம் ஒரே இடத்தில் முதன்முதலாகக் கூடிய இசைத்தட்டு எது என்று கேட்டால், நான் யோசிக்காமல் இதைத்தான் காட்டுவேன். ஜாய் டிவிஷனிடம் இருட்டு இருந்தது, அதில் நாடகம் இல்லை. பௌஹவுஸ் அந்த இருட்டோடு வெள்ளித்திரையையும் மேலங்கியையும் மேடை விளக்கையும் சேர்த்தது. பின்னால் வந்த ஒவ்வொரு கோத் குழுவும் இந்த இரண்டில் எது எவ்வளவு வேண்டும் என்று முடிவுசெய்துதான் நடந்திருக்கிறது.

குழுவினர் இந்தப் பட்டத்தை மகிழ்ச்சியோடு சுமந்ததாகச் சொல்ல முடியாது. பாட்டில் ஒரு விளையாட்டுத்தனம் இருந்ததாகவும், தாங்கள் அதை வெகுளியாக, மிகுந்த தீவிரத்தோடு பாடிவிட்டதால் கேட்டவர்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள் என்றும் மர்ஃபி பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதைத் தவறு என்று அவர் நினைத்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருபது வயதுப் பையன்கள் வெகுளியாக, முழு மனதோடு வாசித்ததால்தான் அந்தப் பாட்டு இன்னும் நிற்கிறது. கண் சிமிட்டிக்கொண்டே பாடியிருந்தால் அடுத்த வருஷமே மறந்திருப்போம்.

பிரிட்டனின் முதன்மை விற்பனைப் பட்டியலில் இந்தச் சிங்கிள் ஏறவே இல்லை. ஆனால் பிபிசி வானொலியில் நிகழ்ச்சி நடத்திய ஜான் பீல் ஒலிபரப்பினார், சுயேச்சை வெளியீடுகளின் பட்டியலில் இரண்டு வருஷம் வந்து போய்க்கொண்டிருந்தது. அதை வைத்து 4ஏடி என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்குப் போனார்கள், 1980-ல் முதல் ஆல்பம் 'இன் தி ஃபிளாட் ஃபீல்ட்' வந்தது. அந்த ஆல்பத்தில் 'பெலா' கிடையாது. 1982-ல் டேவிட் போவியின் 'ஸிக்கி ஸ்டார்டஸ்ட்' பாட்டைப் பாடி 15-ஆம் இடத்துக்கு வந்தார்கள். 1983-ல் டோனி ஸ்காட் எடுத்த 'தி ஹங்கர்' படம் இந்தப் பாட்டோடுதான் தொடங்குகிறது. கம்பி வலைக்குப் பின்னால் மர்ஃபி பாடுகிறார், கிளப்பில் இரையைத் தேடும் ரத்தக் காட்டேரிகளாகப் போவியும் கேத்தரின் டெனவ்வும் நிற்கிறார்கள். அதே ஆண்டு ஜூலையில் குழு கலைந்துவிட்டது. ஆஷ், டேவிட் ஜே, கெவின் மூவரும் பிறகு லவ் அண்ட் ராக்கெட்ஸ் ஆனார்கள், மர்ஃபி தனியாகப் பாடப் போனார். 2005-ல் கோச்செல்லா விழாவில் மறுபடி சேர்ந்தபோது மர்ஃபி மேடையின் மேலிருந்து வௌவால் போலத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு இந்தப் பாட்டைப் பாடினார்.

கேட்பதற்கு ஒரு யோசனை சொல்கிறேன். இ.பி.யில் 'பெலா' முதலில் இருக்கிறது. நீங்கள் அந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். 'பாய்ஸ்', 'ஹாரி', 'பைட் மை ஹிப்', 'சம் ஃபேசஸ்' என்று வாருங்கள். நான்கு பாட்டும் முடிந்ததும், அந்தச் சின்ன ஸ்டுடியோவில் இன்னும் கொஞ்சம் நேரம் மிச்சம் இருக்கிறது, ஜலதோஷத்தோடு பாடகர் ஓரமாக நிற்கிறார் என்று வைத்துக்கொண்டு 'பெலா'வைப் போடுங்கள். விளக்கை அணைத்துவிடுங்கள். முதல் மூன்று நிமிஷம் மட்டும் ஃபோனைத் தொடாதீர்கள்.